டிக்யூமுலேஷன்: "கரைப்பு" வேண்டாம், "கைமுதலெடுப்பு" ஆகுமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

குடும்பச் செல்வம், சேமிப்பு, ஓய்வுக்காலம் ஆகியவை பற்றிய பொருளியல் ஆய்வுக் கட்டுரையைத் தமிழாக்கும் இழையில் 'டிக்யூமுலேஷன்' (decumulation: திரட்டிய செல்வத்தை ஓய்வுக்காலத்தில் எடுத்துச் செலவிடல்) என்பதற்கு இதுவரை வந்த பரிந்துரைகளுள் 'சேமிப்புக் கரைப்பு' என்பதற்கே ஆதரவு மிகுதியாக இருக்கிறது. இலங்கை மலையகத்து அட்டனிலிருந்து எழுதும் நான் அதற்கு உடன்படவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருப்பதால் நீளத்தைப் பொறுத்தருள்க.

1954இல் பொருளியலாளர்கள் மொடிக்லியானியும் புரூம்பேர்க்கும் முன்வைத்த வாழ்க்கைச் சுழற்சிக் கருதுகோளின்படி, உழைக்கும் காலத்தில் வருமானத்தில் ஒரு பகுதியை ஒதுக்கிச் செல்வம் திரட்டும் ஒருவர், ஓய்வுபெற்ற பின் அதனைச் சிறிது சிறிதாக எடுத்துச் செலவிட்டு, தம் நுகர்வை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் வைத்துக்கொள்கிறார். இந்தக் கோட்பாட்டில் பின்பாதியில் நிகழும் குறைவு தவறும் அன்று, நட்டமும் அன்று. முன்பாதியில் சேமித்ததே அதற்காகத்தான்.

'கரைத்தல்' என்ற சொல்லோ பழி சுமந்து வருகிறது. "அப்பன் தேடிய சொத்தை மகன் கரைத்துவிட்டான்" என்றால் யார்மீது குற்றம் என்று எவரும் கேட்பதில்லை. மருத்துவச் செலவுக்காகக் கரைந்தது என்று சொல்லும்போதுகூட ஒரு பெருமூச்சு ஒட்டிக்கொள்கிறது. நம் மொழிக்கே இந்த விடயத்தில் ஒரு கண்டிப்பு உண்டு; 'குந்தித் தின்றால் குன்றும் மாளும்' என்பது அந்தக் கண்டிப்பின் சுருக்கம். (குன்றின்மேலேயே குடியிருக்கும் எங்களுக்கு அது கூடுதலாகவே உறைக்கும்.) பழமொழி பழமொழியாகவே இருக்கட்டும், ஆய்வுச்சொல் ஆளைத் திட்டக்கூடாது.

எங்கள் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்றை வைத்துப் பார்ப்போம். தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த ஒரு பெண், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தம் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் தோட்டத்திடமிருந்து 12 சதவீதமும் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதியை (தமிழ்நாட்டில் 'வருங்கால வைப்பு நிதி'), பெண்களுக்குரிய 50 வயதுக்குப் பின் மொத்தமாகப் பெறலாம். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு 14 நாட்சம்பளம் என்ற கணக்கில், 420 நாட்சம்பளம் சேவைக்காலப் பணமாக (தமிழ்நாட்டில் 'பணிக்கொடை') சேரும். அதனை வங்கியில் போட்டு, மாதாமாதம் கொஞ்சம் எடுத்து அரிசிக்கும் மருந்துக்கும் செலவிடுகிறார். அவர் எதைக் கரைத்தார்? சேமித்ததைச் சேமித்த நோக்கத்துக்கே பயன்படுத்தினார்.

இதே எடுத்துக்காட்டு 'மீளப்பெறல்' என்ற பரிந்துரையையும் தள்ளிவிடுகிறது. அது நம் வங்கிப் படிவங்களில் ஏற்கெனவே நிலைபெற்ற நல்ல சொல். ஆனால் சேமலாப நிதியை மீளப்பெற்று அன்றே நிலையான வைப்பில் இட்டவரின் செல்வம் ஒரு சதமும் குறையவில்லை. பணம் இடம் மாறியது, அவ்வளவே.

கோவை அன்பர் தந்த 'செல்வத் தேய்வு' ஓசையில் அழகியது. ஆயினும் இலங்கைக் கணக்கியலில் 'பெறுமானத் தேய்வு' என்றால் பொறியும் கட்டடமும் காலப்போக்கில் மதிப்பிழப்பது. தமிழ்நாட்டில் 'தேய்மானம்' என்பீர்கள். தேய்வு தானாக நடப்பது, ஒருவர் முடிவெடுத்துச் செய்வதன்று. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைகள் முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்தபோது, வைப்பிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்காத ஓய்வுகாலத்தவரின் செல்வமும் மெய்ப்பெறுமதியில் சுருங்கியது. அதற்குத் தேய்வு என்பது மிகப் பொருத்தம். அந்தச் சொல்லை அதற்காகவே விட்டுவைப்போம். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் கட்டுரையின் பாதி வாதம் காணாமற் போகும்.

பரிந்துரைகளுள் ஒன்றான 'போகாறு' (செலவு போகும் வழி; வருவாய் வரும் வழி 'ஆகாறு') பற்றி ஒரு வரி. வள்ளுவர் சொன்னது ஆகாறும் போகாறும் ஒருசேர ஓடும் நிலைக்கு. இங்கே பேச்சு ஆகாறு வற்றிய பின்னரான நிலையைப் பற்றியது. எதற்கும் குறளிடம் ஓடுவது நம் பழக்கம், இம்முறை அது கைகொடுக்கவில்லை.

'எதிர்ச்சேமிப்பு' என்ற பரிந்துரையை நான் மறுக்கவில்லை, ஆனால் அது வேறொரு சொல்லுக்கு உரியது. ஓர் ஆண்டில் நுகர்வு வருமானத்தை மிஞ்சினால் சேமிப்பு எதிர்க்குறி பெறும். கடன் வாங்கிப் படிக்கும் இளைஞனுக்கும் அது பொருந்தும். ஆகவே 'டிசேவிங்' என்பதற்கு அதனை வைத்துக்கொள்ளலாம். நாம் தேடுவது, திரட்டிய ஒன்றைத் திட்டமிட்டு எடுத்து வாழ்வதற்கான பெயர்.

பேச்சுவழக்கில் அதற்கு இடமிருக்கிறது. "வட்டி போதவில்லை, முதலிலே கை வைத்தாயிற்று" என்பதும், "கைமுதலை எடுத்துத்தான் சாப்பிடுகிறோம்" என்பதும் காதில் விழும் பேச்சு. வட்டியை மட்டும் உண்பதும் முதலை எடுப்பதும் வேறு என்பதை அது தெளிவாகப் பிரிக்கிறது. அதிலிருந்து 'முதலுண்ணல்' என்று முதலில் எழுதிப் பார்த்தேன். 'முந்தி உண்ணல்' என்று ஒருவரும், நீரில் வாழும் முதலை என்று வீட்டில் ஒருவரும் பொருள்கொண்டதால் கைவிட்டேன். 'முதலெடுப்பு' என்றால் முதலீட்டைத் திரும்பப் பெறுதல் என்ற பொருள் குறுக்கிடுகிறது. 'கைமுதலெடுப்பு' இரண்டு இடர்களையும் தாண்டுகிறது. முதலீடு என்பதில் உள்ள 'இடு' என்பதற்கு 'எடு' எதிராக நிற்பது கூடுதல் நன்மை. எதிர்ச்சொல்லாகக் 'கைமுதற்சேர்ப்பு', அளவீட்டுக்குக் 'கைமுதலெடுப்பு வீதம்' எனக் கிளைகளும் இயல்பாக வரும்.

வீடு கைமுதல் ஆகுமா என்ற வினா எழும். தொழிலாளர் குடியிருக்கும் லயன் அறை (வரிசை வீட்டின் ஓர் அறை) தோட்டத்தின் உடைமையாகவே இருப்பதால், ஏழு பேர்ச் (நில அளவு) காணியும் வீடும் உறுதிப்பத்திரத்தோடு கிடைத்தவர்களை விட்டால், இங்கே பலருக்கு வீடு செல்வக் கணக்கில் வருவதே இல்லை. சேமலாப நிதியும் கொஞ்சம் நகையும்தான் வரும். நகையை அடகு வைத்து உண்டால், நகை பெயரளவில் உரியவருடையதாக இருந்தாலும் கடனைக் கழித்த தேறிய செல்வம் குறைகிறது. ஆகவே அதுவும் கைமுதலெடுப்பே. (தமிழ்நாட்டு அன்பர்கள் 'தேறிய' என்பதை 'நிகர' என்று வாசிக்கவும்.) அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே முதியோர் பலரின் செல்வத்தில் பெரும்பங்கு வீடுதான். துணையின் இறப்போ பராமரிப்பு இல்லத்துக்குச் செல்லும் தேவையோ நேர்ந்தாலன்றி, பெரும்பாலோர் அந்தச் செல்வத்தை எடுத்து உண்பதில்லை என்று பொருளியலாளர்கள் வென்டியும் வைஸும் காட்டினர். கோட்பாடு எதிர்பார்த்ததற்கு மாறான இந்த முடிவை நம் சொல்லால் எளிதில் எழுதலாம்: வீடு அவர்களிடம் செல்வமாக இருக்கிறது, கைமுதலாக இல்லை. ஆயினும் சொல்லின் வரைவிலக்கணத்தில், விற்கவோ ஈடுவைக்கவோ கூடிய வீடும் அடங்கும் என்று ஓர் அடிக்குறிப்பு இடுவது நல்லது.

சோதனைக்கு ஒரு வாக்கியம்: "ஓய்வுபெற்ற முதல் பத்தாண்டுகளில் கைமுதலெடுப்பு வீதம் கருதுகோள் எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்திருந்தால், அதற்கு மருத்துவச் செலவு பற்றிய அச்சம் காரணமா, பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் விருப்பம் காரணமா என்பதைப் பிரித்தறிய வேண்டும்." இதே வாக்கியத்தில் 'சேமிப்புக் கரைப்பு வீதம்' என்று மாற்றி வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எது உறுத்துகிறது என்று எழுதுங்கள்.