புது ரிங் போடுமுன் சிலிண்டரை ஹோன் செய்தே ஆக வேண்டுமா?

அச்சுத்தண்டு:
நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் ஒன்றைப் பிரித்து வைத்திருக்கிறேன். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 75 மி.மீ. நீலப்புகை வந்ததும் எண்ணெய் குறைந்துகொண்டே போனதும்தான் பிரிக்கக் காரணம். பிஸ்டன்களில் குறை இல்லை. பிஸ்டனைச் சுற்றி இருக்கும் எண்ணெய் ரிங்குகள் கரி பிடித்துக் காடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. போர் கேஜ் கொண்டு மேல், நடு, அடி என மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரு திசைகளில் அளந்தேன். மிக மோசமான நான்காவது சிலிண்டரில்கூட மேலுக்கும் அடிக்கும் வித்தியாசம் 0.03 மி.மீ.தான். முதல் மூன்றில் பழைய குறுக்குக்கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. நான்காவதில் நடுப்பகுதி கண்ணாடி போல மின்னுகிறது. நான்கையும் ஹோன் செய்ய (சுழலும் கல்லால் சுவரில் குறுக்குக்கோடு கீற) வேண்டுமா, அல்லது துடைத்துவிட்டு ரிங்குகளைப் போடலாமா?

நாலுஸ்ட்ரோக்:
ஐயா, நான்கையும் செய்தே ஆக வேண்டும். புது ரிங்கின் முகம் எவ்வளவு நேர்த்தியாகக் கடையப்பட்டிருந்தாலும் அது உங்கள் சிலிண்டருக்கென்று பிறந்ததன்று. ஓடத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் சுவரின் மேடுகள் ரிங்கைச் சற்றே தேய்க்க, ரிங் அந்த மேடுகளின் நுனியை மழுக்க, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. மேடே இல்லாத வழவழப்பில் இது நடக்க வழியில்லை. ரிங் எண்ணெய்ப் படலத்தின் மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும், எண்ணெய் மேலேறி எரியும், எரிந்தது அரக்குப் போலச் சுவரில் படிந்து வழவழப்பை இன்னும் கூட்டும். பிறகு என்ஜினை மறுபடியும் பிரிக்க வேண்டியதுதான்.

கரிப்புகை:
நான் மறுக்கிறேன். கோடுகள் தெளிவாகத் தெரியும் சிலிண்டரில், 0.03 மி.மீ. தேய்மானத்தில், கல்லை உள்ளே விடுவது தேவையற்ற வேலை. பல கிலோமீட்டர் ஓடி நுனி மழுங்கிய மேடுகளும் எண்ணெய் தேங்கும் பள்ளங்களும் சேர்ந்த அந்தச் சுவரைத்தான், தொழிற்சாலைகளில் முதலில் முரட்டுக் கல்லும் பிறகு மென்மையான கல்லும் கொண்டு செயற்கையாக உண்டாக்குகிறார்கள். கையில் வந்த அதை நீங்களே அழிக்கச் சொல்கிறீர்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் என்ஜின் ஒன்றை ஒரு பட்டறையில் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கழற்றாமலேயே ஹோன் செய்து, மண்ணெண்ணெயில் அலசிக் கோத்துக் கொடுத்தார்கள். சில வாரங்களில் கனெக்டிங் ராடின் பெரிய முனை பேரிங்குகளின் மென்மையான உலோகத்தில் கல்துகள் பதிந்து, ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் பகுதி) முழுக்க ரவை கொண்டு தேய்த்ததுபோல் கோடு விழுந்திருந்தது. வழவழப்பால் அந்த என்ஜின் சாகவில்லை, ஹோனிங்கால் செத்தது.

நாலுஸ்ட்ரோக்:
அது கழுவியவர் செய்த தவறு, கல் செய்த தவறன்று. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த வேண்டியதில்லை. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் எண்ணெயை மட்டும் கரைத்துக்கொண்டு போகும், துகள்களைப் பள்ளங்களுக்குள்ளேயே விட்டுவிடும். சோப்பு கலந்த சுடுநீரும் நைலான் தூரிகையும்தான் அவற்றைத் தூக்கி வெளியே கொண்டுவரும்.

போர்கேஜ்:
இருவரும் சுவரைப் பற்றியே பேசுகிறீர்கள்; கோடு எந்தக் கோணத்தில் விழும் என்பதை யாரும் கேட்கவில்லை. கை ட்ரில்லில் செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். 75 மி.மீ. போரில் ட்ரில் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால் சுவரின் மேல் கல் நிமிடத்துக்குச் சுமார் 70 மீட்டர் ஓடுகிறது. கோடுகளுக்கு இடையே 45 பாகை வர வேண்டுமானால் மேலும் கீழுமாக நிமிடத்துக்கு 29 மீட்டர் கை நகர வேண்டும். அதாவது 120 மி.மீ. தூரத்தை நொடிக்கு இரண்டு முறை போய்வர வேண்டும். அதே கை வேகத்தில் ட்ரில்லை 1000 சுற்றுக்கு ஏற்றினால் கோணம் 14 பாகைக்குப் படுத்துவிடும், ஏறக்குறைய கிடைக்கோடுதான். கிடைக்கோட்டில் எண்ணெய் அளவுக்கு மேல் தங்கும். மாறாகக் கோடு மிகச் செங்குத்தானால் எண்ணெய் வழிந்து இறங்குவதோடு, ரிங்கும் தன் காடிக்குள் வேகமாகச் சுழலத் தொடங்கும்.

முனையில் உருண்டைகள் கோத்த தூரிகை வகை ஹோன் சுவர் போன வழியே போகுமேயன்றிச் சரிவையும் கோணலையும் திருத்தாது. அச்சுத்தண்டு அவர்களுக்கு 0.03தான் என்பதால் அது போதும். 0.10 மி.மீ. சரிவு இருந்திருந்தால் கதையே வேறு: விட்டத்தில் கூடும் ஒவ்வொன்றும் சுற்றளவில் 3.14 மடங்காகிறது, எனவே ரிங் இடைவெளி (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள சந்து) அடிக்கும் மேலுக்கும் இடையே 0.31 மி.மீ. விரிந்து சுருங்கும், 3000 சுற்றில் அது நொடிக்கு 50 தடவை. அங்கே ஹோனிங் பற்றிப் பேசிப் பயனில்லை, ரீபோர்தான் (சிலிண்டரைப் பெரிதாகக் கடைவது).

கரிப்புகை:
இந்தக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் இதே கணக்கு என் பக்கமும் பேசுகிறது: கோணம் சரியாக இருக்கும் மூன்று சிலிண்டர்களில், ட்ரில் பிடித்துப் பழகாத ஒருவர் எதற்காகப் புதுக் கோணம் கீற வேண்டும்? நான்காவதை மட்டும் செய்யட்டும்.

நாலுஸ்ட்ரோக்:
ரிங் முகம் என்ன உலோகம் என்பதைப் பொறுத்தது. குரோம் கடினமானது, தானாக எளிதில் தேயாது, ஆகவே 220 எண் கல்லின் சொரசொரப்பு அதற்கு வேண்டும் (எண் குறைந்தால் சொரசொரப்பு கூடும்). மாலிப்டினம் பூசியதென்றால் 280 போதும், அந்த மூன்றையும் விட்டுவிடலாம் என்று நானும் இறங்கி வருவேன். நிக்கசில் (நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த பூச்சு) பூசிய அலுமினியச் சிலிண்டர் இல்லைதானே? அதில் சாதாரணக் கல்லைத் தொடவே கூடாது.

அச்சுத்தண்டு:
வார்ப்பிரும்புச் சுவர், மேல் ரிங் குரோம். கிராங்கையும் கழற்றிவிட்டேன். எனவே நான்கையும் செய்தேன், முதல் மூன்றில் பத்து நொடி, நான்காவதில் இருபது. சோப்பு நீரில் கழுவியபின் வெள்ளைத் துணியில் எண்ணெய் தோய்த்துத் துடைத்தால் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த சுவரிலிருந்து துணி சாம்பல் நிறமாக வந்தது. மறுபடி கழுவினேன், மறுபடியும் சாம்பல். மூன்றாவது கழுவலுக்குப் பிறகுதான் துணி வெள்ளையாகவே திரும்பியது. இடையில் துணி எடுக்கப் போய்வந்த சில நிமிடங்களில் ஈரச் சுவரில் செம்மை படரத் தொடங்கியது. கழுவிய கையோடு எண்ணெய் பூச வேண்டும் என்பதை அப்படிக் கற்றேன். நான்காவது சிலிண்டரில் ரிங்கைப் பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி அளந்தபோது இடைவெளி அடியில் 0.30 மி.மீ., மேலே 0.39.

போர்கேஜ்:
வித்தியாசம் 0.09, அதாவது 0.03-இன் 3.14 மடங்கு. உங்கள் அளவை சரியாகவே இருந்திருக்கிறது. அடியில்தான் இடைவெளி மிகக் குறைவு, அங்கே 0.30 இருப்பதால் சூட்டில் முனைகள் முட்டிக்கொள்ளாது. மேல் விளிம்பில் நகத்துக்குத் தட்டுப்படும் படி ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இருந்தால் புது ரிங்கின் கூர்மையான ஓரம் அதில் மோதி உடையும்.

கரிப்புகை:
மூன்று சிலிண்டர்களைப் பற்றிய என் கருத்து மாறவில்லை, ஆனால் மூன்று முறை கழுவியவரோடு எனக்குச் சண்டை இல்லை. முதல் முறை கிளப்பியதும் நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் சும்மா ஓடவிடாதீர்கள். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் வில்விசை மட்டுமன்று, அதன் பின்புறம் நுழையும் வாயு அழுத்தமும்தான். சுமை ஏறாமல் அந்த அழுத்தம் வராது. கசிவு இல்லையென்று பார்த்ததும் வண்டியைச் சாலையில் எடுத்து, மிதமாக வேகமெடுப்பதும் காலை எடுத்து வேகம் இறங்கவிடுவதுமாக ஓட்டுங்கள்.

நாலுஸ்ட்ரோக்:
இதில் மட்டும் நானும் கரிப்புகையும் ஒரே பக்கம்.