வழிக்குறைவு, சுமைத்தளர்வு: கேரவன் நகர்த்தியின் மின்பழுதுகளுக்கு இரு சொற்கள்

அன்பர்களுக்கு வணக்கம்.

கேரவன் நகர்த்தியின் மின்பழுதுகளைக் கண்டறிவதற்கான சொற்பட்டியலில் ‘மின்னழுத்த வீழ்ச்சி’ என்ற பதிவைப் பற்றி நடந்த உரையாடலை முழுவதும் படித்தேன். பாடநூல்வழியே பழகிவிட்ட சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று அந்த உரையாடலில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இருக்கும் சொல்லை மதிக்க வேண்டும் என்பதே என் பொதுவான நிலைப்பாடும். ஆயினும் இந்த ஓரிடத்தில், தன்மையும் தீர்வும் வேறான இரண்டு பழுதுகளுக்கு அந்த ஒரே சொல் நிற்பதால், படிப்பவர் குற்றமற்ற உறுப்பைக் கழற்றி எறிய நேர்கிறது. ஆகவே பதிவை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

கருவியை அறியாதவர்களுக்காகச் சிறு விளக்கம். கேரவன் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான். இங்கே பேசப்படுவதோ பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும், எஞ்சின் இல்லாத வீட்டு வண்டி. ஒன்றரை டன் அளவுள்ள இதைக் காரிலிருந்து விடுவித்த பிறகு கையால் தள்ளி இடுக்கான இடத்தில் நிறுத்துவது கடினம். அதற்காக ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு மோட்டாரைப் பொருத்தி, அதன் உருளையை டயரின் மேல் அழுத்தி, கையடக்க ரிமோட்டின் வழியாக நொடிக்கு 15 சென்டிமீட்டர் போல மெல்ல நகர்த்துகிறார்கள். இந்த அமைப்பே நகர்த்தி. மின்சாரம் வருவது வண்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து. மின்னழுத்தம் சிறிது என்பதால் மின்னோட்டம் பெரிதாகிறது: சமதளத்தில் 20 முதல் 40 ஆம்பியர், சரளைக்கல் தரையில் அதற்கு மேல், நல்ல மேட்டில் 100 ஆம்பியரையும் தாண்டும். நம் சொற்சிக்கல் முழுவதும் இந்தப் பெரிய மின்னோட்டத்திலிருந்து பிறப்பதுதான்.

வழக்கமான பழுது இப்படித் தொடங்கும். ரிமோட்டை அழுத்தினால் வண்டி ஒரு முழம் நகரும், நின்றுவிடும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் 10 வோல்ட் அளவுக்குக் கீழே போனதும் அது தானே மோட்டார்களை நிறுத்திவிடுகிறது. உரிமையாளர் மல்டிமீட்டரை எடுத்துப் பேட்டரியில் வைக்கிறார், 12.7 வோல்ட் காட்டுகிறது. கட்டுப்பாட்டுப் பெட்டியின் முனையில் வைக்கிறார், அங்கும் 12.7. எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றுகிறது. வழிகாட்டியில் ‘மின்னழுத்த வீழ்ச்சி காரணமாக இருக்கலாம்’ என்று படித்ததும், வீழ்வது பேட்டரிதான் என்று எண்ணிப் புதிது வாங்கிப் பூட்டுகிறார். வண்டி மறுபடியும் ஒரு முழம் நகர்ந்து நிற்கிறது.

அளந்த வேளையில் மோட்டார் ஓடவில்லை. மின்னோட்டம் ஏறத்தாழ இல்லை. மின்னோட்டம் இல்லாதபோது எவ்வளவு அரித்துப்போன இணைப்பும் மின்னழுத்தத்தைக் குறைத்துக் காட்டாது. உருளையை டயரிலிருந்து விலக்கிவைத்து மோட்டாரை வெறுமனே சுழலவிட்டாலும் பழுது மறைந்தே இருக்கும், ஏனெனில் சுமை இல்லாத மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறிது. எனவே ஒருவர் சமதளத்தில் வண்டியை மெல்ல நகர்த்த, மற்றொருவர் சக்கரப் பாதைக்கு வெளியே பாதுகாப்பாக நின்று அளக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓய்வில் 12.7 வோல்ட் உள்ள பேட்டரி 60 ஆம்பியர் தரும்போது அதன் முனைகளில் 12.0 இருக்கிறது, அதே நொடியில் கட்டுப்பாட்டுப் பெட்டியில் 9.9 மட்டுமே இருக்கிறது. முதல் 0.7 வோல்ட் பேட்டரியின் அகமின்தடையால், அதாவது பேட்டரிக்குள்ளேயே இருக்கும் மின்தடையால், குறைந்தது. இலங்கைப் பாடநூல்கள் இதனை அகத்தடை என்கின்றன. அடுத்த 2.1 வோல்ட் பேட்டரிக்கும் பெட்டிக்கும் நடுவே தொலைந்தது. 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போகவும் வரவுமாக 8 மீட்டர் இருந்தால் அதற்குரிய நியாயமான பங்கு 0.34 வோல்ட்தான். எஞ்சிய 1.76 வோல்ட் ஏதோ சில இணைப்புகளில் ஒளிந்திருக்கிறது. நூறு வாட்டுக்கும் மேலான வெப்பமாக அங்கே வெளிப்படுகிறது. வண்டியைச் சற்று நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு, உருகியின் (ஃபியூஸ்) இருக்கையையும், பேட்டரியின் மின்னிணைப்பைத் துண்டிக்கும் பிரிப்புச் சாவியின் முனைகளையும் புறங்கையால் நெருங்கிப் பார்த்தாலே குற்றவாளி எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். குளிர்காலச் சாலைகளில் தூவும் உப்பு, அடிச்சட்டத்தை ஒட்டிச் செல்லும் கம்பிக்குள் ஈரத்தோடு ஏறியிருந்தால், வெளியுறை புதிதுபோல் பளபளக்க, உள்ளே செம்பு கருத்தும் பச்சை பூத்தும் கிடக்கும்.

ஆக, முதற்குறைவுக்கு மருந்து பேட்டரியிடம் இருக்கிறது, இரண்டாவதற்கு இணைப்புகளிடம் இருக்கிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லே தாங்கி நிற்க வேண்டும் என்பதே என் வாதம்.

முதலாவதற்குச் ‘சுமைத்தளர்வு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். சுமை ஏறும்போது தளர்வதும், சுமை நீங்கியதும் நிமிர்வதும் பேட்டரியின் இயல்பு. நல்ல பேட்டரியில் இது சிறிது, முதிர்ந்ததில் பெரிது. ‘குறைந்த மின்னழுத்தம்’ என்பது தமிழகச் செய்தித்தாள்களில் வீட்டு மின்விநியோகக் குறைபாட்டுக்கு ஊன்றிவிட்டதால் அதைத் தொட வேண்டாம்.

இரண்டாவதற்கு ‘வழியிழப்பு’, ‘வழியிறக்கம்’ என்ற இரு முன்மொழிவுகள் வந்துள்ளன. இரண்டும் அழகானவைதாம். ஆனால் ‘இழப்பு’ மின்துறையில் ஆற்றலின் இழப்பைக் குறித்துவிட்டது. அதை வாட்டில் அளக்கிறோம், நமக்கு வேண்டியதோ வோல்ட்டில் அளக்கும் ஒன்று. ‘வழியிறக்கம்’ வேறு எந்தக் கருவிக்கும் பொருந்தும், இதற்குப் பொருந்தாது: ஏற்ற இறக்கங்களில் வண்டியை நகர்த்துவது பற்றியே பாதி வழிகாட்டி பேசுவதால், ‘வழியிறக்கம் மிகுந்தால் நிறுத்துக’ என்பதைப் படிப்பவர் சரிவான பாதை என்றே கொள்வார். எனவே ‘வழிக்குறைவு’ போதும். ‘எதிர்முனைப் பக்கம் 1.2 வோல்ட் வழிக்குறைவு உள்ளது’ என்று எழுதிப் பாருங்கள். எந்தப் பக்கம், எவ்வளவு என்பது தடுமாற்றமின்றி விளங்குகிறது. எதிர்முனைப் பக்கத்தை வேண்டுமென்றே குறிப்பிட்டேன். பலர் நேர்முனைக் கம்பியை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். திரும்பி வரும் பாதையும் அதே மின்னோட்டத்தைத்தான் சுமக்கிறது.

வரையறையோடு அளக்கும் முறையையும் ஒரு வரியில் சேர்க்கலாம்: மோட்டார் சுமையோடு ஓடும்போது, மல்டிமீட்டரின் ஒரு சோதனை முள்ளைப் பேட்டரியின் ஈய முனையிலும் மற்றொன்றைக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் அதே பக்கத்து முனையிலும் வைத்தால் காட்டும் அளவே அந்தப் பக்கத்தின் வழிக்குறைவு. ஈய முனை என்பதை அழுத்திச் சொல்கிறேன். அதன்மேல் இறுக்கிய கவ்வியில் முள்ளை வைத்தால், முனைக்கும் கவ்விக்கும் இடையே வெள்ளைப் பொடி படர்ந்திருக்கும் பழுது கணக்கிலிருந்து நழுவிவிடும். மிகுதியாகக் காணப்படும் பழுதுகளில் அதுவும் ஒன்று.

‘மின்னழுத்த வீழ்ச்சி’யை நீக்கச் சொல்லவில்லை. அது இரண்டுக்கும் பொதுப்பெயராக இருக்கட்டும். அதன்கீழ் இவ்விரண்டும் வகைகளாக நிற்கட்டும். ஒரு மோட்டார் ஒரே திசையில் மட்டும் ஓடாமை, இரு மோட்டார்களும் அறவே அசையாமை போன்றவற்றுக்கு ரிலே, கரித்தூரிகை, உருகி என்று ஏற்கெனவே உள்ள சொற்களே போதுமானவை. மறுப்பு இருப்பவர்கள் தெரிவித்தால், குறிப்பாகச் ‘சுமைத்தளர்வு’ ஈழத்து வாசகர்களுக்கு இயல்பாக ஒலிக்கிறதா என்று சொன்னால், அதன் பிறகு பதிவைத் திருத்துகிறேன்.

அன்புடன்.