புது சட்டம் வந்தாச்சு, ஈஎஸ்ஐ-க்கு யூனிட்டை எப்படி தயார் பண்றதுங்க?

கேட்டவர்: பவர் டேபிள் யூனிட், அனுப்பர்பாளையம்

வணக்கமுங்க. ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்கனுங்க, டெய்லருக, செக்கிங், அயர்னிங் எல்லாஞ் சேத்து 12 பேரு, ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கட்டிட்டுத்தான் இருக்கறோம். சூப்பர்வைசர் ரெண்டு பேருக்கு மட்டும் சம்பளம் 24,000, 21,000-க்கு மேல போனதால அவிய ஈஎஸ்ஐல இல்லீங்க. 2025 நவம்பர் 21-ல இருந்து சமூகப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்துருச்சு, சம்பளக் கணக்கே மாறுதுன்னு சொல்றாங்க. நான் என்னென்ன சரி பண்ணோணும்? பீஸ் ரேட்டுக்கு வர்ற நாலு பேரை இன்னும் சேக்கல, அவியளையும் சேக்கோணுமுங்களா?

பதில் 1: சம்பளக் கணக்கு பாக்கறவன், ஈரோடு

அண்ணா, மொதல்ல அந்த சூப்பர்வைசருக கணக்கப் பாருங்க. பழைய சட்டத்துல வாடகைப்படியும் சம்பளத்துல சேரும், இப்ப வாடகைப்படி, போக்குவரத்துப்படி, ஓவர்டைம் எல்லாம் வெளிய, ஆனா அப்படி வெளிய விடறது மொத்தத்துல பாதிக்கு மேல போகக்கூடாது, போனா அந்த எச்சானதை திரும்ப சம்பளத்துலயே சேத்துக்கோணும். 24,000-ல பேசிக் 13,000, வாடகைப்படி 7,000, போக்குவரத்து 4,000-ன்னு வெச்சுக்குங்க, வெளிய போறது 11,000, பாதியான 12,000-க்கு உள்ளதான் இருக்குது, அப்ப ஈஎஸ்ஐ கணக்குக்கு சம்பளம் 13,000. அவரு உள்ள வந்தர்றாரு! உங்க பங்கு 3.25 சதவீதம் 423 ரூபாய், அவரு பங்கு 0.75 சதவீதம் 98 ரூபாய். 24,000-ஐயும் ஒரே பேசிக்னு எழுதியிருந்தீங்கன்னா வரமாட்டாரு, அதனால சம்பளச் சீட்டை எடுத்து வெச்சுட்டு ஒவ்வொரு ஆளுக்கா போடுங்க. அடுத்த மாசம் 15-ந்தேதிக்குள்ள கட்டீரோணும். ஆளுககிட்ட புடிச்சுட்டு கட்டாம விட்டா புது சட்டத்துல ஒரு வருசத்துல இருந்து மூணு வருசம் வரைக்கும் ஜெயில், அதுல மட்டும் வெளையாடாதீங்க.

பதில் 2: செக்கிங் அக்கா மகள், பெருமாநல்லூர்

அந்த நாலு பேரைப் பத்தி நான் சொல்றேனுங்க. எங்கம்மா பீஸ் ரேட்டுக்குத்தான் போனாங்க, ஒரு சனிக்கிழமை சம்பளம் போடற நேரத்துல ஓவர்லாக் ஊசி நகத்துக்குள்ள ஒடிஞ்சு நின்னுருச்சு. பேரு எந்த ரெஜிஸ்டர்லயும் இல்ல, ஈஎஸ்ஐல குடுக்கற ஐபி நம்பர் (காப்பீட்டு எண்) இல்ல, தனியார் ஆஸ்பத்திரில கட்டுன காசுக்கு தோட்டைக் கழட்டி அடகு வெச்சோம். நகம் முளைச்சு வர்ற வரைக்கும் துணியத் தொட முடியல, மூணு மாசம் வருமானமே இல்ல. பேரு இருந்திருந்தா வைத்தியம் இலவசம், வேலைல பட்ட காயத்துக்கு 90 சதவீத சம்பளமும் வந்திருக்கும், அதுக்கு 78 நாள் கட்டியிருக்கோணும்ங்கற கணக்குகூட இல்லீங்க, சாதா காய்ச்சல் லீவுக்குத்தான் அது. பீஸ் ரேட்டும் ஆளுதானுங்க, தயவு பண்ணி வேலைக்கு வந்த அன்னைக்கே பதிஞ்சு விடுங்க.

பதில் 3: தறிக்காரர், சோமனூர்

என்கிட்ட ஆறே பேருதான். பத்துக்குக் கீழ இருந்தாலும் நாமளும் ஆளுகள்ல பாதிக்கு மேல பேரும் ஒத்துக்கிட்டா சேரலாமுன்னு புது சட்டத்துல இருக்குது, நான் பேசிட்டு இருக்கறனுங்க. ஆளுக பத்துக்குக் கீழன்னு காட்டறதுக்காக நீங்க ரெண்டு யூனிட்டா பிரிச்சுக் காட்டச் சொல்றவிய பேச்சை மட்டும் கேட்டறாதீங்க. எல்லாருக்கும் வேலை உத்தரவு எழுதிக் குடுங்க, 40 வயசு தாண்டுனவியளுக்கு வருசம் ஒருக்கா இலவச பரிசோதனையும் நம்ம பொறுப்புதான்.

கேட்டவர்:

ரொம்ப நன்றிங்க. அம்மிணி, உங்கம்மா விரல் இப்ப எப்படி இருக்குது? நாளைக்கு காலைல அந்த நாலு பேரோட ஆதாரையும் வாங்கிட்டு ஆடிட்டர் ஆபீஸ் போறேன், சூப்பர்வைசருக சம்பளச் சீட்டையும் கையோட கொண்டு போறனுங்க.