சென்ட்ரிங் இல்லாம ஃபிளாரன்ஸ் டோம் எப்படி நின்னுச்சு?

செங்கல்சூளை:
இத்தாலியில ஃபிளாரன்ஸ் கதீட்ரல் டோம் இருக்குல்ல, புரூனலெஸ்கி கட்டுனது, 1420ல ஆரம்பிச்சு 1436ல முடிச்சிருக்காங்க. அதை அடியில சென்ட்ரிங்கே அடிக்காம கட்டுனாங்களாம். நம்ம வீட்டு ஸ்லாபுக்கே முட்டு பிரிக்க எத்தனை நாள் காத்திருக்கோம், இது கிட்டத்தட்ட 45 மீட்டர் அகலம், அதுவும் சுண்ணாம்புச் சாந்து, சீக்கிரம் இறுகாது. உள்பக்கமா சாயுற சுவர்ல வச்ச செங்கல் ஏன் வழுக்கி விழல?

பழைய சிவில்:
டோம் ஆரம்பிக்கிறதே தரையிலேர்ந்து 50 மீட்டருக்கு மேல, அவ்வளவு உயரத்துக்கு முட்டு கொடுக்க மரத்துக்கு எங்க போறது? அதான் 1418ல போட்டியே வச்சாங்க.

விஷயம் வட்டத்துலதான் இருக்கு. வட்டக் கிணத்தை நினைச்சுப் பாருங்க, சுத்தி மண்ணு நெருக்கினாலும் கல்லுக்குக் கல் முட்டிக்கிட்டு உள்ள விழாது. டோம்லயும் ஒரு வரி சுத்தி வந்து மூடிட்டா அது தானா நின்னுரும். மூடுற வரைக்கும்தான் பயம். அதுக்குத்தான் படுத்த செங்கலுக்கு நடுவுல அங்கங்க ஒரு செங்கலை நட்டுக்க நிறுத்தினாங்க, அது ஏற்கெனவே இறுகுன கீழ் வரியில மாட்டிக்கிட்டு ரெண்டு பக்கமும் புதுச் செங்கலை இடுக்கிப் பிடிச்சுக்கும். வரிக்கு வரி அதைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வச்சதால மீன்முள்ளு மாதிரி சுத்தி ஏறும்.

செங்கல்சூளை:
ஆனா அது எட்டுப் பட்டை டோமாச்சே, வட்டம் எங்க வந்துச்சு?

பழைய சிவில்:
நல்ல கேள்வி. டோம்ல ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு ஓடு (ஷெல்) இருக்கு, உள் ஓடு ரொம்ப தடிமன். எட்டுப் பட்டையா தெரிஞ்சாலும் அந்தத் தடிமனுக்குள்ளயே ஒரு முழு வட்டம் அடங்கிரும். மொத்தமும் வெளிய தள்ளாம இருக்க மணற்கல்லை இரும்பால பிணைச்சு பெல்ட் மாதிரி சுத்தியிருக்காங்க, ஒரு மரச் சங்கிலியும் உண்டு. அப்பவும் விரிசல் விழுந்துச்சு, இன்னிக்கும் அளந்துகிட்டுதான் இருக்காங்க.

ஊர்சுத்தி:
நான் ஏறியிருக்கேன், 463 படி, லிஃப்ட் கிடையாது. மேல படி போறதே ரெண்டு ஓட்டுக்கும் நடுவுலதான், ஒரு இடத்துல அந்த மீன்முள்ளு வரிசை கைக்கெட்டுற தூரத்துல தெரியும், தொட்டுப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டேன். இவ்வளவு பாரத்தையும் ஏத்துனது மாடு சுத்துன இயந்திரம். மாட்டைத் திருப்பாமலே கியரை மாத்தி பாரத்தை ஏத்தவும் இறக்கவும் முடியுமாம், அதுவும் புரூனலெஸ்கியோட டிசைன்தான். உச்சியில இருக்கிற லான்டர்ன்ங்கிற சின்னக் கோபுரம் முடியுறதுக்குள்ள 1446ல அவர் இறந்துட்டார். அதே கதீட்ரல்லதான் புதைச்சிருக்காங்க, கல்லறையை 1972லதான் கண்டுபிடிச்சாங்க. போனா கீழயும் எட்டிப் பாத்துட்டு வாங்க.