நரையை அப்படியே விட்டவர்கள்: யார் என்ன சொன்னார்கள்?

கோட்டையூர்க்காரி:
எங்கள் வீட்டுச் சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாணம்) ஆல்பம் வந்தது. டை போடுவதை நான் அதற்கு வெகு முன்பே விட்டிருந்தேன். ஏன் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதைதான், மண்டை அரிப்பு. விசேஷத்தன்று வெள்ளை முடியில் கனகாம்பரம் எடுப்பாக இருந்தது. ஆல்பத்தைப் பிரித்தால் எல்லாப் படத்திலும் என் தலை கன்னங்கரேல்! ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் கறுப்படித்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவசரமாகச் செய்திருப்பார் போல, முகப்பில் எடுத்த படத்தில் கனகாம்பரமும் பாதி கறுத்திருந்தது. போன் செய்தால், "எல்லாருக்கும் பண்றதுதாம்மா, இதுக்குத் தனியாக் காசு வாங்கல" என்கிறார். அதைக்கூட விட்டுவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கொழுந்தனார் பெண்சாதி, "இதுலதான் நல்லாருக்கீக ஆச்சி" என்றாள் பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தேவகோட்டை ரஸ்தா:
போட்டோதானே, போகட்டும் விடுங்கள் ஆச்சி. எனக்கு நடந்தது நம் நகரத்தார் வீடுகளில் கும்பிடும் பிள்ளையார் நோன்பன்று. வீட்டுக்குப் பெரியவன் நான், இழை (மாவில் திரி வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது) எடுத்துக் கொடுக்க வேண்டும். ஊரே வருமே என்று முதல்நாள் டை போட்டேன். மறுநாள் நெற்றி வீங்கி, சாயங்காலத்துக்குள் இரண்டு கண்ணும் கீற்றாகிவிட்டன. கையில் மாவு இழை எரிகிறது, எனக்குச் சுடர் தெரியவில்லை. மகன் என் மணிக்கட்டைப் பிடித்து, "அப்பச்சி, நெருப்பு இந்தப் பக்கம்" என்று நகர்த்துகிறான். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பதா, பயப்படுவதா என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

டாக்டர் சொன்னது: டையில் சேர்க்கும் பாரா ஃபினைலீன் டையமின் என்ற ரசாயனம், சுருக்கமாகப் பிபிடி, அதன் ஒவ்வாமை. நான் வாங்கியது அமோனியா இல்லாத பாக்கெட்தான். அமோனியா இல்லையென்றால் பிபிடியும் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டும் வேறு. இத்தனை வருடம் ஒன்றும் செய்யாத டை திடீரென்று ஒருநாள் இப்படிச் செய்யுமாம். ஒவ்வொரு முறையும் போடுவதற்கு 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் துளி தடவிப் பார்க்க வேண்டுமாம். யார் பார்க்கிறார்கள்?

பள்ளத்தூர் மருமகள்:
நானும் விட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் என் மகளிடம், "பாப்பா, பாட்டி வந்திருக்காங்க" என்றார். அத்தோடு சரி.

ஆனால் டை வேண்டாம் என்பவர்களுக்கு வழி இருக்கிறது. மருதாணி மட்டும் போட்டால் வெள்ளை முடி ஆரஞ்சாகிவிடும், அதனால்தான் பலர் வெறுத்துப்போகிறார்கள். முதலில் மருதாணி போட்டு, வெறும் தண்ணீரில் அலசிவிட்டு, அதன் மேல் அவுரி (நீலச் சாயம் தரும் இலை) போட வேண்டும். அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குழைத்துக் கால் மணி நேரத்தில் தலையில் ஏற்றிவிடுங்கள், மருதாணி மாதிரி ராத்திரி முழுக்க ஊறவைத்தால் வேகம் போய்விடும். ஒன்றரை மணி நேரம் இருந்தால் போதும். அலசியதும் பச்சையடித்த மாதிரி தெரிந்தால் பயப்படாதீர்கள், ஒன்றிரண்டு நாளில் கறுக்கும். அன்றைக்கு ஷாம்பு கூடாது. கடையில் 'கறுப்பு மருதாணி' என்று விற்பதை மட்டும் வாங்காதீர்கள். மருதாணி இலைக்குக் கறுப்பு வராது. அந்தக் கறுப்புக்குப் பல நேரம் ரஸ்தா அண்ணன் சொன்ன அதே பிபிடியைத்தான் கலக்கிறார்கள். கரிசலாங்கண்ணித் தைலம் முடிக்கு நல்லது, ஆனால் வெளுத்ததைக் கறுப்பாக்காது. வேண்டுமானால் அளவெல்லாம் தனியாக எழுதுகிறேன்.

கோட்டையூர்க்காரி:
தாயே, தலைப்பை இன்னொரு தடவை படியுங்கள்.

புதுவயல் பொண்ணு:
எனக்கு 27. முன்நெற்றியில் ஒரு கொத்து, 23 வயதிலேயே வந்தது. 25-க்கு முன் வந்தால் இளநரை என்பார்கள். பெங்களூரில் யாரும் கண்டுகொள்வதில்லை, கலரிங் என்று நினைத்து எந்தப் பார்லர் என்று கேட்கிறார்கள். ஊரில்தான் பிரச்சினை. பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டார், "புள்ளைக்கு எதுவும் சத்துக் குறையோ?" என்று கேட்டு அனுப்பினார்கள். என் ஆத்தா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஆபீஸ் செக்கப்பில் எடுத்த பி12, தைராய்டு ரிப்போர்ட்டை அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். எல்லாம் நார்மல் என்று ஆத்தாவுக்குப் பெருமை வேறு. அந்தப் பக்கமிருந்து பதிலாக ஒரு கட்டைவிரல் வந்தது. என் ரத்தத்துக்குக் கட்டைவிரல்! அப்புறம் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அஜித் நரையோடு வந்தால் விசிலடிக்கிற ஊர்தான் இது.

தமிழ் வாத்தியார் (ஓய்வு):
அஜித்தை விடுங்கள், நம் பாண்டிய நாட்டுச் சங்கப் புலவர் பிசிராந்தையாரையே இதைக் கேட்டிருக்கிறார்கள், இத்தனை வயதாகியும் ஏன் நரைக்கவில்லை என்று. நல்ல மனைவி மக்கள், சொன்னதைச் செய்யும் வேலையாட்கள், காக்கும் அரசன், ஊரில் சான்றோர் பலர் என்று காரணம் அடுக்கினார். அப்படிப் பார்த்தால் நரை கவலையின் கணக்குதான். என் அனுபவம் சிறியது. காரைக்குடி பஸ்ஸில் ஒருவர் எழுந்து, "உட்காருங்க சார்" என்றார். பார்த்தால் என்னிடம் படித்த பையன், அவன் தலை என் தலையைவிட வெளுப்பு. நீ உட்கார், நீங்க உட்காருங்க என்று இருவரும் நிற்க, அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார்.

கோட்டையூர்க்காரி:
அய்யா, நீங்கள் சொன்னதை என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். அரசாங்கம்தான் காரணம் என்கிறார்.

கண்டனூர் காவடி:
டையை விட்டதும் பாதி கறுப்பு பாதி வெள்ளையாக நிற்கும் காலம்தான் கொடுமை என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் சுமாருக்குத்தான் வளரும், தோள்வரை உள்ளவர்களுக்கு இரண்டு வருடமாவது பிடிக்கும். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து நடந்துபோய்ப் பழனியில் மொட்டை போட்டேன், முளைத்தது முழுக்க வெள்ளை. அத்தோடு டையை விட்டாச்சு.

அடுத்த வருடம் அதே கூட்டத்தோடு நடக்கிறேன். வருடாவருடம் கூட வருகிற பையன் ஒருவன் சிங்கம்புணரி தாண்டியதும் வேகமாக வந்து, "ஐயா, மூட்டையக் கொடுங்க, நான் கொண்டாறேன்" என்றான். போன வருடம் வரை என்னை அண்ணே என்றவன். பாதி வழியில் கால் வலி என்று உட்கார்ந்த அவனைத் தட்டி எழுப்பிக் கூட்டிப்போனதே நான்தான். முகத்தைப் பார்த்தும் அடையாளம் தெரியவில்லை அவனுக்கு. சொல்லலாமா என்று யோசித்தேன். வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. நத்தம் வரை மூட்டை அவன் தோளில்தான் வந்தது.