புதுப்பிப்பு: நன்கொடையாளர்களுக்கான கோல்ஃப் நாள் நடந்து முடிந்தது

அமெரிக்காவில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கு நிதி திரட்ட கோல்ஃப் நாள் நடத்துகிறோம், மின்னஞ்சல் அழைப்புக்குப் பதிலே வரவில்லை என்று போன மாதம் இங்கே புலம்பி, யோசனை கேட்டிருந்தேன். நேற்று நடந்து முடிந்தது. எல்லா இடங்களும் நிரம்பின!

பலித்தது நீங்கள் சொன்ன யோசனைதான். விதிமுறை அலுவலரிடம் (கல்லூரி விளையாட்டு விதிகளை மீறாமல் பார்த்துக்கொள்பவர்) முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி, நீச்சல், ஓட்ட அணி மாணவர்களையே பழைய நன்கொடையாளர்களிடம் தொலைபேசியில் பேச வைத்தோம். போன வருடப் பணம் எந்தப் பயணத்துக்கு உதவியது என்று மட்டும் சொன்னார்கள், காசு கேட்கவில்லை. அந்தக் குரலுக்கு முன்னால் எந்த விளம்பரமும் நிற்காது.

சறுக்கியது ரசீதில். இங்குள்ள வரி விதிப்படி, நன்கொடையாக 75 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு பதிலுக்கு விருந்தோ ஆட்டமோ கொடுத்தால், அதன் சந்தை மதிப்பை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதைக் கழித்த மீதிக்குத்தான் வரிச்சலுகை. அழைப்பிதழிலேயே அச்சிட்டிருக்கலாம், விட்டுவிட்டோம். கல்லூரிப் போட்டிகளுக்கு இருக்கைச் சீட்டு வாங்கும் முன்னுரிமைக்காகக் கொடுக்கும் தொகைக்கு இருந்த 80 சதவீத வரிக்கழிவு 2018 முதல் கிடையாது என்பதையும் வாசலில் நின்றே பலருக்கு விளக்கினேன். திருத்திய ரசீதுகள் நாளை போகின்றன. நன்றிக் கடிதங்களை மாணவர்கள் கையாலேயே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.