மாஃப்லாங் ஓடைக்கரையில் கண்ட கொம்புத் தவளை எந்த இனம்?

மலைச்சாரல்:
வணக்கம். மேகாலயாவின் மாஃப்லாங் கோயில்காட்டில், ஓடைக்கரைச் சருகுகளுக்கிடையே கட்டைவிரல் நீளமே உள்ள பழுப்புத் தவளை ஒன்றைக் கண்டேன். அது அசையும்வரை தவளை என்றே தெரியவில்லை. இரு கண்களுக்கு மேலும் சிறு கொம்புபோல் ஏதோ கூர்ந்து நின்றது. அது எலும்பா? இது எந்த இனம்? நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் காணக் கிடைக்குமா?

ஓடைக்கரை:
அது எலும்பன்று; மேல் இமையின் விளிம்பில் தோல் சற்றே கூம்பி நிற்கிறது, அவ்வளவுதான். கண்ணின் வட்ட வடிவை மறைத்துச் சருகோடு சருகாகத் தோன்ற அது உதவுவதாகக் கருதுகிறார்கள். இடத்தை வைத்துப் பார்த்தால், ஸ்டீபன் மஹோனி, எஸ்.டி. பிஜு உள்ளிட்ட தவளை ஆய்வாளர்கள் 2013-இல் ஷில்லாங் பீடபூமியிலிருந்து விவரித்த மெகோஃப்ரிஸ் ஒரோபெடியனாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஆயினும் படத்தை மட்டும் நம்பிப் பெயர் சூட்டிவிட வேண்டாம். விலங்கியலாளர் பூலஞ்சர் 1893-இல் பர்மாவின் கரேன் மலைத் தவளைக்கு இட்ட 'பார்வா' என்னும் பெயரே வடகிழக்கின் சிறு கொம்புத் தவளைகள் பலவற்றுக்கும் நெடுங்காலம் வழங்கிவந்தது; உடலமைப்போடு ஒலியையும் மரபணுவையும் ஒப்பிட்ட பிறகுதான் அவை வெவ்வேறு இனங்கள் எனத் தெளிவாயிற்று.

மழைக்காடன்:
மேற்குத் தொடர்ச்சி மலையில் இக்கொம்புத் தவளைகளின் குடும்பமே இல்லை; இந்தியாவில் இமயமலையிலும் வடகிழக்கு மலைகளிலும்தான் உண்டு. நான் பெரிதும் வியப்பது இவற்றின் தலைப்பிரட்டையைத்தான். பாறைப் பாசியைச் சுரண்டித் தின்னும் பிற ஓடைத் தலைப்பிரட்டைகளைப் போலன்றி, இதன் வாய் மேல்நோக்கித் திறந்த புனலாக அமைந்துள்ளது. ஓட்டம் தணிந்த கரையோரத்தில் உடலைச் சாய்த்து, அந்தப் புனலை நீர்ப்பரப்பில் விரித்து, மிதந்துவரும் நுண்துகள்களை உறிஞ்சிக்கொள்கிறது.

மலைச்சாரல்:
மிக்க நன்றி. மீண்டும் செல்லும்போது எதைப் பதிவுசெய்தால் இனத்தை உறுதிப்படுத்த உதவும்?

ஓடைக்கரை:
மழைக்காலத்தில் இருட்டிய பின் ஆண் தவளைகள் ஓடையோரம் கத்தும். ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, கைப்பேசியிலேனும் அவ்வொலியைப் பதிவுசெய்யுங்கள். நேரம், வெப்பநிலை, இடம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வெப்பநிலைக்கேற்பத் தவளை கத்தும் வேகம் மாறும். தவளையைக் கையில் எடுக்காதீர்கள். படத்துக்காக ஓடைக் கற்களைப் புரட்டவும் வேண்டாம், அவற்றினடியில்தான் தலைப்பிரட்டைகள் ஒதுங்கியிருக்கும். அக்காட்டிலிருந்து ஓர் இலையைக்கூட வெளியே கொண்டுசெல்லக் கூடாது என்பது மேகாலயாவின் காசி பழங்குடி மக்களின் மரபு. அது நமக்கும் பொருந்தும்.